உங்க தெருவுல மழைநீர் வடிகால் வேலை வருதா? தோண்டுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, தோண்டினப்புறம் பாக்க வேண்டியது: சென்னைவாசிகளுக்கு முழு வழிகாட்டி

எங்க தெருவுல வடிகால் தோண்ட ஜேசிபி வந்து நின்ன அன்னிக்கு ஆளாளுக்கு ஒரு கவலை. ஒருத்தருக்கு கார் எப்படி வெளிய எடுக்கறதுன்னு, எதிர் வீட்டம்மாவுக்கு வாசல்ல இருக்கற வேப்பமரத்தோட வேர் போயிடுமேன்னு, கடைசி வீட்டு தாத்தா மட்டும் "இந்தத் தண்ணி எங்கப்பா போய் சேரும்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுக்கு அங்க நின்ன யாருக்கும் பதில் தெரியல. வேலை முடிஞ்சு முதல் பெரிய மழையில அந்த வடிகால் வழியாவே அடுத்த தெருத் தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்துச்சு, ஏன்னா எங்க புது வடிகால் போய் சேர்ற பழைய வடிகாலோட அடிமட்டம் எங்களோடதை விட மேல இருந்துச்சு. தாத்தா கேட்ட கேள்வியை கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி நாங்க எழுத்துல கேட்டிருந்தா அரை நாள் வேலை, அப்புறம் சரி பண்ண ரெண்டு வருஷம் ஆச்சு.

அந்த ரெண்டு வருஷத்துல கத்துக்கிட்டதை எல்லாம் இங்க போடறேன். வடிகாலே வேணாம்னு சொல்றவன் இல்ல நான், 2015ல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி பாத்த ஊர் இது, 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம்னு திரும்பத் திரும்ப பாத்துட்டோம். வடிகால் வேணும், ஆனா ஒழுங்கா வேணும், அதுக்கு நாமளும் பக்கத்துல நின்னு பாக்கணும்.

1. இது யாரோட வேலை, யாரோட பணம்

தெருவுல தோண்டறவங்க எல்லாரும் ஒரே ஆள் இல்ல. தெரு மழைநீர் வடிகால்னா மாநகராட்சி. கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய்னா மெட்ரோவாட்டர். ஆறு, ஏரி, பெரிய கால்வாய்னா நீர்வளத்துறை, பொதுப்பணித்துறையில இருந்து 2021ல தனியா பிரிஞ்சது. மெயின் ரோடு நெடுஞ்சாலைத்துறை கையில இருந்தா அந்த ரோட்டோர வடிகாலும் பெரும்பாலும் அவங்க கையில. தப்பான ஆபீஸ்ல மனு குடுத்தா "எங்களது இல்ல"ன்னு ஒரு மாசம் போயிடும், அதுக்குள்ள ஸ்லாப் போட்டு மூடிருப்பாங்க. அதனால முதல் நாளே சைட்ல வொர்க் போர்டு இருக்கான்னு பாருங்க, வேலையோட பேர், காண்ட்ராக்டர், தொகை, முடிக்க வேண்டிய தேதி அதுல இருக்கணும். போர்டு இல்லன்னா அதுதான் உங்க முதல் மனு.

பணம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கறதுல பெரிய பலன் இருக்கு, இதை நிறைய பேர் விட்டுடறாங்க. வடசென்னையில திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் நடக்கற கொசஸ்தலையாறு வடிநிலத் (அந்த ஆத்துக்கு தண்ணி வந்து சேர்ற மொத்தப் பகுதி) திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021ல 25.1 கோடி டாலர் கடன் ஒப்புதல் குடுத்துச்சு, 588 கிலோமீட்டர் புது வடிகால், 175 கிலோமீட்டர் பழசை சரி பண்றதுன்னு திட்டம். தெற்க கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியோட கேஎஃப்டபிள்யூ வங்கி. அம்பத்தூர், வளசரவாக்கம், ஆலந்தூர் பக்கம் முன்னாடி நடந்ததுக்கு உலக வங்கி. இந்த மாதிரி வெளி வங்கிப் பணம் வந்தா கூடவே நிபந்தனையும் வரும்: சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கை வெளியிடணும், அங்க இருக்கற மக்கள்கிட்ட கலந்து பேசணும், குறை கேக்க ஒரு ஏற்பாடு வச்சிருக்கணும். மாநகராட்சி சொந்த நிதியில நடக்கற வேலைக்கு இதெல்லாம் இந்த அளவுக்கு இருக்காது.

2. தண்ணி எங்க போய் சேருது: கவலையை அளவா மாத்துங்க

"தண்ணி நிக்கும் சார்"னு சொன்னா "நிக்காதும்மா, டிசைன் பண்ணிருக்கோம்"னு பதில் வரும், அதோட முடிஞ்சுடும். அதே ஆள்கிட்ட "எங்க வடிகால் முடியற இடத்துல அடிமட்டம் என்ன, அது சேர்ற கால்வாயோட அடிமட்டம் என்ன, மழைக்காலத்துல அந்தக் கால்வாய்ல தண்ணி எவ்வளவு உயரம் ஓடும்"னு கேட்டுப் பாருங்க, வரைபடத்தை எடுக்காம பதில் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது அந்த வரைபடம்தான்.

சென்னை ரொம்ப தட்டையான ஊர். தண்ணி அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, கோவளம்னு எந்தப் பக்கம் போனாலும் கடைசில கடலுக்குத்தான் போகணும், நடுவுல பக்கிங்காம் கால்வாய் குறுக்க ஓடுது. புயல் நேரத்துல கடல் பொங்கி நிக்கும்போது முகத்துவாரத்துல ஆத்துத் தண்ணியையே கடல் வாங்காது, ஆறு நிறைஞ்சா கால்வாய் நிறையும், கால்வாய் நிறைஞ்சா நம்ம தெரு வடிகால்ல தண்ணி பின்னால வரும். வடிகால் எவ்வளவு பெருசா இருந்தாலும் இந்த நேரத்துல உதவாது, கடைசியில ஷட்டர் வேணும், மோட்டார் போட்டு இறைக்க இடம் வேணும், இல்ல நடுவுல தண்ணியை நிறுத்தி வைக்க ஒரு குளம் வேணும். உங்க பகுதி தாழ்வான பகுதின்னா இந்த மூணுல எது இருக்குன்னு கட்டாயம் கேளுங்க.

தண்ணி அளவு கணக்கு போட சுலபமான வழி இருக்கு. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர், 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா அந்த ஒரு கிரவுண்ட்ல மட்டும் 22,300 லிட்டர், ரெண்டு பெரிய டேங்கர் லாரித் தண்ணி. உங்க தெருவுல 60 கிரவுண்ட் இருந்தா 13 லட்சம் லிட்டருக்கு மேல. முன்னாடி மண்ணா இருந்த இடம்லாம் இப்ப சிமெண்ட் தரை, டைல்ஸ், அதனால பெரும் பங்கு ரோட்டுக்குத்தான் வரும். இந்த நம்பரை எழுதி வச்சுக்கிட்டு "இந்த வடிகால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மழை தாங்கற மாதிரி போட்டிருக்கீங்க"ன்னு கேளுங்க.

அடுத்தது சரிவு. இதை நாமளே பாத்துடலாம், கொத்தனார்கள் வச்சிருக்கற தண்ணி டியூப் போதும். 20 மீட்டரை விட கொஞ்சம் நீளமான, உள்ள தண்ணி தெரியற பிளாஸ்டிக் டியூப்ல காத்துக் குமிழ் இல்லாம தண்ணி நிரப்பி, ஒரு முனையை வடிகால் ஆரம்பத்துல ஒருத்தர் பிடிச்சுக்கணும், இன்னொரு முனையை 20 மீட்டர் தள்ளி இன்னொருத்தர் பிடிச்சுக்கணும், ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், அங்கிருந்து வடிகால் அடி வரைக்கும் டேப் வச்சு அளங்க. 1000க்கு 1 சரிவுன்னா 20 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறங்கணும், 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். வரைபடத்துல என்ன சரிவு போட்டிருக்கோ அதோட ஒத்துப் பாருங்க. அடியில பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட் தளம்) போட்ட உடனே, பக்கச் சுவர் எழுப்பறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க, அப்பதான் தப்பு இருந்தா திருத்த முடியும். குழிக்குள்ள நீங்க இறங்காதீங்க, சைட்ல இருக்கற ஆட்களையே பிடிக்கச் சொல்லுங்க, எங்க தெருவுல கொத்தனார் சந்தோஷமா பண்ணிக் குடுத்தார்.

ரோட்டு மட்டம் இன்னொரு விஷயம். பழைய ரோட்டை சுரண்டாம மேல மேல தார் போட்டு வீடுங்க எல்லாம் பள்ளத்துல போயிடுச்சு, 2021 மே மாசம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பை சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு உத்தரவு போட்டார். வடிகால் முடிஞ்சு ரோடு போட வரும்போது இதை ஞாபகப்படுத்துங்க. உங்க வாசல் மட்டத்துக்கும் ரோடு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இப்பவே அளந்து, காம்பவுண்ட் சுவத்துல பெயிண்ட்ல கோடு போட்டு போட்டோ எடுத்து வைங்க.

3. உங்க மண்ணு என்ன மண்ணு

இது கடலோரத்துல இருக்கறவங்களுக்கு. கோவளம் வடிநிலத் திட்டத்துல ஈசிஆர் பக்கம் கடலோரத் தெருக்கள்லயும் வடிகால் வரும்னு சொன்னப்ப அங்க இருக்கற மக்கள் எதிர்த்தாங்க. அவங்க சொன்னது ரொம்ப நேரடியான விஷயம்: இது மணல் நிலம், மழைத் தண்ணியை அதுவே குடிச்சுக்கும், அந்தத் தண்ணிதான் எங்க கிணத்துல வருது, அதை கான்கிரீட் பெட்டியில பிடிச்சு கடல்ல விட்டா நிலத்தடி நீர் குறைஞ்சு உப்புத் தண்ணி உள்ள ஏறிடும். விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போச்சு, திட்டத்தை மறுபடி பாக்க வேண்டி வந்துச்சு. அங்க எடுபட்டது கோபம் இல்ல, மண்ணையும் கிணத்தையும் பத்தின ஆதாரம். உங்க பகுதியும் மணல்னா கிணத்து நீர்மட்டத்தை மாசா மாசம் ஒரு நோட்டுல எழுதுங்க, நாலு வீட்டுக் கணக்கு இருந்தா போதும். களிமண் பகுதின்னா கதை வேற, அங்க வடிகால் அவசியம், ஈசிஆர் வாதத்தை அங்க கொண்டு போய் பேசாதீங்க.

தண்ணி போய் சேர்ற இடத்துல இருக்கற ஆளுங்களையும் நினைச்சுப் பாருங்க. நம்ம தெரு காய்ஞ்சா போதும்னு பள்ளிக்கரணைக்கோ எண்ணூர்க் கழிமுகத்துக்கோ தள்ளி விட்டா அங்க மீன் பிடிச்சு வாழறவங்க பாதிக்கப்படறாங்க. 2023 மிக்ஜாம் வெள்ளத்தோட மணலி தொழிற்பேட்டைப் பக்கத்துல இருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் பூரா படிஞ்சதை பாத்தோம், படகு வலை எல்லாம் கறுத்துப் போச்சு, அந்த மக்கள் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாம இருந்தாங்க. கழிவுநீரோ ஆலைத் தண்ணியோ இந்த வடிகால்ல சேருதான்னு கேக்கறது அவங்களுக்காகவும்தான்.

4. காகிதம் வாங்கற வழி

முதல்ல வார்டு ஏஇ (உதவிப் பொறியாளர்)கிட்ட நேர்ல போய் மரியாதையா வரைபடம் காட்டச் சொல்லி கேளுங்க, நல்ல மனுஷங்க நிறைய பேர் இருக்காங்க, காட்டிடுவாங்க. கிடைக்கலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பொதுத் தகவல் அலுவலருக்கு பிரிவு 6(1)ல மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், ஆன்லைன்லயும் போடலாம். 30 நாள்ல பதில் வரணும், வரலன்னாலோ அரைகுறையா வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது.

"வடிகால் ஏன் சரியில்ல"ன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு தள்ளிடலாம். இப்படி கேளுங்க: அந்தத் தெரு வடிகாலோட நீளவாட்டு வரைபடம் (ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மட்டம் எப்படி இறங்குதுன்னு காட்டறது), அடிமட்ட அளவுகள், சேரும் இடம் எதுன்னு காட்டற வரைபடம், மதிப்பீட்டு நகல், வொர்க் ஆர்டர் நகல், எம் புக் (செஞ்ச வேலையை அளந்து எழுதற புத்தகம்) பதிவுகள், கான்கிரீட் பலத்தைச் சோதிக்கற கியூப் டெஸ்ட் ரிப்போர்ட், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுது வந்தா காண்ட்ராக்டரே சரி பண்ண வேண்டிய காலம்) எத்தனை மாசம்னு. ஒவ்வொண்ணும் ஒரு ஆவணம், இருக்கு இல்லன்னு மட்டும்தான் பதில் சொல்ல முடியும்.

இந்தச் சட்டத்துல பலருக்குத் தெரியாத ஒரு இடம் பிரிவு 2(ஜே). அதுல தகவல் உரிமைன்னா பேப்பர் நகல் மட்டும் இல்ல, வேலையை நேர்ல பாத்து ஆய்வு பண்றதும், பயன்படுத்தற பொருளோட சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கறதும் அதுக்குள்ளயே வருது. "வேலை நடக்கும் இடத்தை ஆய்வு செய்ய தேதி ஒதுக்கித் தரவும்"னு ஒரு வரி சேருங்க. ஒரே சிக்கல் 30 நாள் கணக்கு, தெரு வடிகால் அதுக்குள்ள மூடிடுவாங்க, அதனால தோண்டற அன்னிக்கே மனு போயிடணும், டெண்டர் விட்ட செய்தி வந்த அன்னிக்கே போனா இன்னும் நல்லது.

5. வேலை நடக்கும்போது

உயிர் விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். 2022 அக்டோபர்ல ஒரு 24 வயசு பத்திரிகையாளர் ராத்திரி நேரம் மூடாத மழைநீர் வடிகால் பள்ளத்துல விழுந்து இறந்துட்டார். அதை நினைச்சா இன்னிக்கும் மனசு ஆறல. தடுப்பு, ரிப்ளக்டர் ஸ்டிக்கர், ராத்திரி லைட் இல்லாத பள்ளத்தைப் பாத்தா நாளைக்கு சொல்லலாம்னு விடாதீங்க, அப்பவே 1913க்கு போன் போட்டு புகார் எண் வாங்குங்க, கூடவே கிடைக்கற கயிறோ டிரம்மோ வச்சு தற்காலிகமா மறைச்சுடுங்க. வடிகால்ல வெளிய நீட்டிட்டு நிக்கற கம்பி ரொம்ப ஆபத்து, முனையை மூடி வைக்கச் சொல்லுங்க. பள்ளத்துல தண்ணி நிரம்பிட்டா ரோடு எது குழி எதுன்னே தெரியாது, மழை வருதுன்னா அன்னிக்கு குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீங்க.

மரம் அடுத்தது. ஜேசிபி பக்கெட் வேரைப் பிச்சு எடுத்தா மரம் அன்னிக்கு விழாது, அடுத்த காத்துல விழும். 2022 ஜூன்ல கே.கே. நகர்ல மரம் விழுந்து கார்ல போன ஒரு பெண் வங்கி மேலாளர் இறந்தாங்க, பக்கத்துல வடிகால் வேலை நடந்துட்டு இருந்துச்சு, வேலை காரணமில்லன்னு மாநகராட்சி மறுத்துச்சு. அந்த விவாதத்துல நான் போகல, ஆனா பெரிய மரத்துக்குப் பக்கத்துல கையால தோண்டுங்கன்னு, வடிகாலை கொஞ்சம் வளைச்சுக் கொண்டு போங்கன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு. எதிர் வீட்டம்மா வேப்பமரத்துக்கு நாங்க அப்படித்தான் கேட்டோம், ரெண்டடி தள்ளிப் போட்டாங்க, மரம் இன்னிக்கும் நிக்குது.

கழிவுநீர் இணைப்பைக் கவனிங்க. தோண்டும்போது பழைய செப்டிக் டேங்க் பைப், வீட்டுக் கழிவு பைப் எல்லாம் வெளிய தெரியும், சிலர் அந்த சந்தர்ப்பத்துல புது வடிகால்ல சொருகிடுவாங்க. இதைப் பேசறது சங்கடம்தான், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பாக்கணும், ஆனா மழைநீர் வடிகால்ல ஒரு வீட்டுக் கழிவு வந்தாலே கொசு, நாத்தம், அடைப்பு எல்லாம் வந்துடும். நாங்க யார் பேரையும் சொல்லாம, சங்கக் கூட்டத்துல பொதுவா பேசி, மெட்ரோவாட்டர் இணைப்புக்கு மொத்தமா மனு குடுத்தோம், அது வேலை செஞ்சுச்சு.

மத்தபடி சைட்ல பாக்க வேண்டியது: அடியில தண்ணி தேங்கி இருக்கும்போதே கான்கிரீட் கொட்டறாங்களா, கான்கிரீட் நல்லா இறுக (கியூரிங்) தண்ணி ஊத்தறாங்களா, கான்கிரீட் வார்க்க அடைச்ச சென்டரிங் பலகையும் மண்ணும் உள்ளயே விட்டு ஸ்லாப் போட்டு மூடறாங்களா. கடைசிதை நான் ரெண்டு இடத்துல பாத்திருக்கேன், மூடினப்புறம் யாருக்கும் தெரியாது. ரோட்டுத் தண்ணி வடிகாலுக்குள்ள இறங்கற ஓட்டை ரோட்டு மட்டத்தை விட கீழ இருக்கணும், அது மேல இருந்தா உள்ள வடிகால் காலியா இருக்கும், வெளிய முழங்கால் அளவு தண்ணி நிக்கும். உள்ள டெலிபோன் கேபிளோ குடிநீர்க் குழாயோ குறுக்க போச்சுன்னா அதுல குப்பை மாட்டி அடைச்சுக்கும், அதை மாத்தாம மூட விடாதீங்க.

6. எப்படி எழுதறது, யார்கிட்ட குடுக்கறது

வாட்ஸ்அப் குரூப்ல நூறு மெசேஜ் போட்டாலும் அது மனு ஆகாது. ஒரு பக்கம், ஒரு விஷயம், ஒரு கோரிக்கை. தெருப் பேரு, வார்டு எண், எந்த வீட்டு வாசல்ல இருந்து எந்த வீட்டு வாசல் வரைக்கும், அளந்த அளவு, தேதி போட்ட போட்டோ, கடைசியில "ஸ்லாப் போடும் முன் மட்டத்தை மறு ஆய்வு செய்ய வேண்டுகிறோம்"னு செய்யக்கூடிய ஒண்ணைக் கேளுங்க. பத்து வீட்டுக் கையெழுத்து இருந்தா நல்லது, வாடகைக்கு இருக்கறவங்க கையெழுத்தும் வாங்குங்க, வெள்ளம் வந்தா கீழ் வீட்டுல நனையறது பெரும்பாலும் அவங்கதான். வார்டு ஏஇ, மண்டல செயற்பொறியாளர், கவுன்சிலர்னு மூணு நகல், ஒவ்வொண்ணுலயும் ரசீது முத்திரை. பதில் இல்லன்னா ரிப்பன் மாளிகையில மழைநீர் வடிகால் துறை, 1100ல முதல்வர் உதவி மையம்.

ஏரியா சபைன்னு ஒண்ணு 2022ல இருந்து இருக்கு, வார்டைப் பகுதி பகுதியா பிரிச்சு கூட்டம் போடணும், கிராம சபை மாதிரி. போய் உக்காந்து பேசி உங்க தெரு வடிகாலை தீர்மானத்துல பதிவு பண்ணச் சொல்லுங்க. கூட்டமே நடக்கலன்னா நடத்தச் சொல்லி மனு குடுங்க.

7. மேல போக வேண்டி வந்தா

ஆசிய வளர்ச்சி வங்கி திட்டம்னா முதல்ல திட்ட அளவுல இருக்கற குறைதீர்ப்பு ஏற்பாட்டுக்கு எழுதி பதிவு பண்ணுங்க, அப்புறம் வங்கியோட திட்டப் பிரிவுக்கு. அதுலயும் ஆகலன்னா பொறுப்புக்கூறல் அமைப்புன்னு வங்கியிலேயே தனியா இருக்கு, பாதிக்கப்பட்டவங்க குறைஞ்சது ரெண்டு பேர் சேர்ந்து புகார் குடுக்கணும், முன்னாடி முயற்சி பண்ணின கடிதங்களை அவங்க கேப்பாங்க. முத்திரை வாங்கி வச்ச நகல்கள் அங்கதான் உதவும். உலக வங்கிக்கும் கேஎஃப்டபிள்யூவுக்கும் இதே மாதிரி புகார் வழி இருக்கு.

நீர்நிலை, மரம், கழிவு கலக்கறது மாதிரி சுற்றுச்சூழல் விஷயம்னா தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு சென்னையிலயே இருக்கு. பிரிவு 14ல போகறதுன்னா பிரச்சனை தொடங்கின நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள போகணும், சரியான காரணம் இருந்தா இன்னும் 60 நாள் குடுப்பாங்க. இந்தக் கெடு தெரியாம ஒரு வருஷம் மனு எழுதிட்டே இருந்தவங்களை எனக்குத் தெரியும். வழக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை தெரு பூரா உக்காந்து பேசுங்க, வேலை நின்னு பாதி தோண்டின பள்ளத்தோட ஒரு மழைக்காலம் போச்சுன்னா அதுவும் நமக்குத்தான் கஷ்டம், அதனால மொத்த வேலையையும் நிறுத்தச் சொல்லாம தப்பான பகுதியை மட்டும் திருத்தச் சொல்லி கேக்க முடியுமான்னு பாருங்க.

8. முடிஞ்சப்புறம்

வேலை முடிஞ்சதும் ஒரு டேங்கர் தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க, மேல் முனையில ஊத்தினா கீழ் முனையில எத்தனை நிமிஷத்துல வருது, நடுவுல எங்கயாவது தேங்குதான்னு. எங்க தெருவுல ரெண்டாவது தடவை சரி பண்ணினப்ப இதைச் செஞ்சோம், நடு மேன்ஹோல்ல அரையடி தண்ணி நின்னுச்சு, மூடியைத் திறந்து பாத்தா உடைஞ்ச பலகை.

குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியற வரைக்கும் உடைஞ்ச மூடி, இறங்கின ஸ்லாப் எல்லாம் காண்ட்ராக்டர்தான் சரி பண்ணணும், அந்தத் தேதியை காலண்டர்ல எழுதி வைங்க. வருஷா வருஷம் ஆகஸ்ட் செப்டம்பர்ல தூர் வார்றாங்களான்னு பாருங்க, வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்கிடும். அள்ளின சேத்தை ஓரத்துலயே போட்டுட்டுப் போனா முதல் மழையில திரும்ப உள்ள போயிடும், அன்னிக்கே லாரியில ஏத்தச் சொல்லுங்க.

முதல் பெரிய மழை அன்னிக்கு ஒருத்தர் குடையோட தெருவுல நின்னு, தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எத்தனை மணிக்கு வடிஞ்சுதுன்னு குறிச்சுக்கணும். எங்க தெருவுல அந்த வேலையை கடைசி வீட்டு தாத்தா எடுத்துக்கிட்டார், அவரோட நோட்டு இப்ப சங்க ஃபைல்ல வரைபடத்துக்குப் பின்னாடி இருக்கு.